ஆக்கிரமிப்புப் படைச் செலவும் நாணய மாற்றுத் தகராறும்: ரைன்லாந்துக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியில் நேச நாட்டுப் படைகள் தங்கின. அந்தப் படைகளின் செலவை ஜெர்மனியே ஏற்க வேண்டும் என்பதில் ஒப்பந்தம் எழுதியவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அந்தச் செலவை எந்த நாணயத்தில் எண்ணுவது, எந்த நாளின் மாற்று விகிதத்தில் எண்ணுவது என்ற இரண்டு கேள்விகள்தான் பல ஆண்டுகள் இழுத்தடித்தன. போர் வரலாற்று நூல்களில் அரைப் பத்தியோடு முடிந்துவிடும் இந்த விஷயம் அதைவிட அதிக கவனத்துக்கு உரியது என்று நான் நினைக்கிறேன். வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை வரிசைப்படுத்திப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஆக்கிரமிப்புச் செலவும் போர் இழப்பீடும் ஒன்றுதானா?

இல்லை. போர் இழப்பீடு என்பது போரில் நேர்ந்த அழிவுக்கு ஈடு: இடிந்த வீடுகள், மூழ்கிய கப்பல்கள், ஊனமுற்றோர் ஓய்வூதியம் போன்றவை அதில் அடங்கும். ஆக்கிரமிப்புச் செலவு என்பது போர் நின்ற பிறகு எதிரி மண்ணில் படையை வைத்திருக்க ஆகும் செலவு. 1918 நவம்பர் 11 அன்று கையெழுத்தான போர் நிறுத்த உடன்படிக்கையின் 9ஆவது பிரிவே ரைன்லாந்தில் தங்கும் படைகளின் பராமரிப்பை ஜெர்மன் அரசின் பொறுப்பாக்கியது. 1919 ஜூன் 28 அன்று கையெழுத்தான வெர்சாய் ஒப்பந்தத்தின் 249ஆவது பிரிவு அதை விரித்து எழுதியது. வீரர்களின் சம்பளம், படிகள், உணவு, தங்குமிடம், படுக்கை, விளக்கு, கணப்பு, உடை, சேணம், ஆயுதம், குதிரைகளுக்கான தீனி, கால்நடை மருத்துவம், நோயுற்றோர் சிகிச்சை, தபால், தந்தி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், 251ஆவது பிரிவு ஆக்கிரமிப்புச் செலவை வரிசையில் முதலில் வைத்தது. ஜெர்மனி கொடுக்கும் பணம் முதலில் படைச் செலவுக்குப் போக வேண்டும். மிச்சம் இருந்தால்தான் இழப்பீடு. ஆகவே ஒரு நாட்டின் படைச் செலவு பெரிய தொகையாகக் கணக்கிடப்பட்டால், மற்ற நாடுகளுக்கு வர வேண்டிய இழப்பீடு அந்த அளவுக்குப் பின்னுக்குத் தள்ளப்படும். மாற்று விகிதத்தில் ஒரு சிறு மாறுதல்கூட நேச நாடுகளுக்குள்ளேயே மனக்கசப்பை உண்டாக்கியதற்கு இதுவே காரணம்.

எந்தெந்த நாட்டுப் படைகள் எங்கே இருந்தன?

பிரெஞ்சுப் படை மைன்ஸில், பிரிட்டிஷ் படை கொலோனில், பெல்ஜியப் படை ஆகனில், அமெரிக்கப் படை கோப்லென்ஸில் இருந்தன. 1919 தொடக்கத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்த அமெரிக்கப் படை வேகமாகக் குறைக்கப்பட்டது. 1923 ஜனவரியில் அது ஏறத்தாழ ஆயிரம் பேராகச் சுருங்கியிருந்தது. அந்த மாதம் 24ஆம் தேதி, கோப்லென்ஸுக்கு எதிர்க்கரையில் குன்றின் மேல் நிற்கும் ஏரன்பிரைட்ஸ்டைன் கோட்டையிலிருந்து அமெரிக்கக் கொடி இறக்கப்பட்டது. பிரிட்டிஷார் 1926இல் கொலோனை விட்டு வீஸ்பாடனுக்கு மாறினர். கடைசிப் பிரெஞ்சு வீரர்கள் 1930 ஜூன் 30 அன்று மைன்ஸை விட்டு வெளியேறினர்.

செலவை எந்த நாணயத்தில் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது?

இரண்டு விதமாகச் சொன்னது. தகராறின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆக்கிரமிப்புப் பகுதிக்குள்ளேயே படைகள் விலைக்கு வாங்கிய அல்லது கட்டாயமாகப் பெற்ற பொருள்களுக்கான செலவை ஜெர்மனி மார்க்கில், ‘நடப்பு விகிதத்திலோ ஒப்புக்கொண்ட விகிதத்திலோ’ தர வேண்டும் என்று 249ஆவது பிரிவு கூறியது. மற்ற எல்லாச் செலவுகளையும் பொன் மார்க்கில் தர வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமான ஏற்பாடுதான். கோப்லென்ஸ் சந்தையில் வாங்கிய உருளைக்கிழங்குக்கு மார்க்கில் கணக்கு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த காலணிக்குப் பொன்னில் கணக்கு. ஆனால் ‘நடப்பு விகிதம்’ என்பது எந்த நாளின் நடப்பு, எந்தச் சந்தையின் நடப்பு என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ‘ஒப்புக்கொண்ட விகிதம்’ என்றால் யார் யாரோடு ஒப்புக்கொள்வது, ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்பதும் இல்லை. மார்க்கின் மதிப்பு நிலையாக இருந்திருந்தால் இந்த இடைவெளி யார் கண்ணிலும் பட்டிருக்காது.

பொன் மார்க் என்பது புழக்கத்தில் இருந்த ஒரு நாணயமா?

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இல்லை. அது ஒரு கணக்கு அலகு. போருக்கு முன் ஒரு கிலோ சுத்தத் தங்கத்துக்கு 2,790 மார்க் என்று ஜெர்மன் நாணயச் சட்டம் வரையறுத்திருந்தது. அதாவது ஒரு மார்க் என்பது சுமார் 0.358 கிராம் தங்கம். அன்றைய அமெரிக்க டாலரின் தங்க எடையோடு ஒப்பிட்டால் ஒரு டாலர் ஏறத்தாழ 4.20 பொன் மார்க். வெர்சாய் ஒப்பந்தத்தின் 262ஆவது பிரிவு, பொன் மார்க்கில் குறித்த கடனைக் கடன் கொடுத்த நாட்டின் விருப்பப்படி லண்டனில் பவுண்டாகவோ, நியூயார்க்கில் பொன் டாலராகவோ, பாரிஸில் பொன் பிராங்காகவோ, ரோமில் பொன் லிராவாகவோ கேட்கலாம் என்றது. அந்த நாணயங்களின் எடையும் தங்கத் தூய்மையும் 1914 ஜனவரி 1 அன்று இருந்தபடியே எடுத்துக்கொள்ளப்பட வேண்டும் என்றும் கூறியது.

காகித மார்க்கில் கணக்கெழுதியதால் எவ்வளவு வித்தியாசம் வந்திருக்க முடியும்?

காகித மார்க் என்பது தங்கத்தோடு பிணைப்பில்லாமல் அன்று புழக்கத்தில் இருந்த நோட்டு. வித்தியாசத்தை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுவதே நல்லது. எண்கள் நான் அமைத்தவை; விகிதங்கள் உண்மையானவை.

ஒரு படைப்பிரிவு உள்ளூர்ச் செலவுக்காக 1922 ஜனவரியில் ஜெர்மன் கருவூலத்திடமிருந்து 10 லட்சம் காகித மார்க் பெற்றது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதச் சராசரியில் ஒரு டாலருக்குச் சுமார் 192 மார்க். ஆகவே அந்தத் தொகை ஏறத்தாழ 5,200 டாலர். கணக்கு முடிப்பது ஓர் ஆண்டு தள்ளிப்போய் 1923 ஜனவரிக்கு வந்தால், ஒரு டாலருக்குச் சுமார் 18,000 மார்க்; அதே 10 லட்சம் மார்க் இப்போது 56 டாலர்கூடத் தேறாது. பணத்தைக் கொடுத்த நாளின் விகிதத்தை எடுத்தால் ஜெர்மனியின் பேரில் 5,200 டாலர் வரவு விழும். கணக்கு முடிக்கும் நாளின் விகிதத்தை எடுத்தால் ஒரு நல்ல மேலங்கியின் விலைதான் வரவு விழும். ரசீது ஒன்றே, கையெழுத்து ஒன்றே. மாறியது தேதி மட்டுமே.

மார்க் எப்போதும் கீழ்நோக்கியே போனது என்றும் நினைத்துவிடக் கூடாது. 1920 ஜனவரியில் டாலருக்குச் சுமார் 65 மார்க்காக இருந்த விகிதம், அதே ஆண்டு ஜூலையில் 40க்குக் கீழே இறங்கியது; அதாவது மார்க் கணிசமாக வலுப்பெற்றது. 1921 ஜனவரியில் மறுபடியும் 65க்கு வந்து நின்றது. எனவே ‘பெற்ற நாள்’ விதி எப்போதும் ஒரு தரப்புக்கே லாபம், ‘முடிக்கும் நாள்’ விதி எப்போதும் மறுதரப்புக்கே லாபம் என்று 1920இல் இருந்த ஒரு கணக்கதிகாரியால் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. 1922 கோடைக்குப் பிறகுதான் திசை ஒன்றாகிவிட்டது. 1923 நவம்பர் நடுவில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க் என்ற நிலை வந்தபோது, பழைய காகித மார்க் நிலுவைகள் எண்ணிக்கையில் மட்டுமே எஞ்சியிருந்தன.

பிராங்கும் பவுண்டும் நிலையாக இருந்தனவா?

அவையும் நிலையாக இல்லை என்பதை இந்த விவாதங்களில் பலர் மறந்துவிடுகிறார்கள். போருக்கு முன் ஒரு டாலருக்கு 5.18 பிராங்க். 1920 வசந்தத்தில் அது 16ஐத் தொட்டது. 1926 ஜூலையில் 49 அளவுக்குச் சரிந்து, அந்த ஆண்டின் இறுதியில் 25.5 அளவில் நிலைப்படுத்தப்பட்டது. பவுண்டு 1925 ஏப்ரல் வரை தங்கத்தோடு மறுபடி பிணைக்கப்படவில்லை. படை அனுப்பிய நான்கு நாடுகளின் நாணயங்களில் டாலர் ஒன்றே தங்க மதிப்பைத் தக்கவைத்திருந்தது.

ஒரு பிரெஞ்சு வீரருக்கு மைன்ஸில் சம்பளம் காகித பிராங்கில் தரப்படுகிறது. அந்தச் செலவைப் பொன் மார்க்காக மாற்றும்போது, ஒரு பிராங்க் என்பதை 1914இன் பொன் பிராங்காக எடுத்துக்கொண்டால், பிரான்ஸ் உண்மையில் செலவழித்ததைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஜெர்மனியின் தலையில் ஏறும். நியூயார்க் சந்தையில் பிராங்குக்கு அன்று என்ன டாலர் கிடைத்ததோ அதைக் கொண்டு மாற்றினால் செலவழித்த அளவே ஏறும். ‘பொன் மார்க்கில் தர வேண்டும்’ என்பது கடனின் அலகைச் சொல்கிறதே தவிர, காகிதச் செலவை அந்த அலகுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதைச் சொல்லவில்லை. சந்தை விகிதமே நேர்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. திருப்பித் தருதல் என்ற சொல்லுக்கே செலவழித்ததைத் தருதல் என்றுதான் பொருள்.

1922 மார்ச் 11 அன்று பாரிஸில் கூடிய நேச நாட்டு நிதி அமைச்சர்கள் இந்தச் சிக்கலை வேறொரு வழியில் தாண்டினார்கள். அந்த ஆண்டு மே 1 முதல் ஆகும் படைச் செலவுக்கு ஆண்டொன்றுக்கு உச்சவரம்பு வைத்து, அதை அவரவர் நாணயத்திலேயே எழுதினார்கள்: பிரான்ஸுக்கு 46 கோடி பிரெஞ்சு பிராங்க், பிரிட்டனுக்கு 20 லட்சம் பவுண்டு, பெல்ஜியத்துக்கு 10.2 கோடி பெல்ஜிய பிராங்க். இதனால் ஒவ்வொரு படையின் உள்நாட்டு வரவு செலவுக்கும் உறுதி கிடைத்தது. ஆனால் பிராங்க் சரிந்தால் பிரான்ஸின் பங்கு பொன் மதிப்பில் தானாகவே சுருங்கும், பவுண்டு ஏறினால் பிரிட்டனின் பங்கு தானாகவே பெருகும் என்ற விளைவும் அதோடு சேர்ந்தே வந்தது.

1922 மார்ச் பாரிஸ் ஏற்பாட்டில் அமெரிக்காவின் பெயர் ஏன் இல்லை?

அமெரிக்க செனட் வெர்சாய் ஒப்பந்தத்தை 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் ஏற்க மறுத்தது. அமெரிக்கா 1921 ஆகஸ்ட் 25 அன்று பெர்லினில் ஜெர்மனியோடு தனி உடன்படிக்கை செய்துகொண்டு, வெர்சாய் ஒப்பந்தத்தின் குறிப்பிட்ட சில பகுதிகள் தனக்குத் தரும் உரிமைகளை மட்டும் காத்துக்கொண்டது. 1922 மார்ச்சில் பாரிஸில் பங்கு பிரித்தபோது, இழப்பீட்டு ஆணையத்தில் அதிகாரபூர்வமற்ற பார்வையாளராக இருந்த ரோலண்ட் பாய்டன், அமெரிக்கப் படையின் நிலுவை 24 கோடி டாலர் அளவில் இருப்பதை நினைவூட்ட வேண்டியிருந்தது. வெர்சாய் ஒப்பந்தத்தை ஏற்காத நாடு அதன் பலனை மட்டும் கேட்கலாமா என்று மறுதரப்பு கேட்டது. எங்கள் வீரர்கள் உங்களோடு தோளோடு தோள் நின்று அதே காவலைத்தானே செய்தார்கள் என்பது அமெரிக்கத் தரப்பு.

இரண்டு வாதங்களிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் படைகள் ரைன்லாந்தில் தங்கியிருந்தபோது யாரும் அமெரிக்காவை வெளியேறச் சொல்லவில்லை என்பதை எடைபோட்டால், செலவில் பங்கு கேட்கும் உரிமை அமெரிக்காவுக்கு இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1923ஆம் ஆண்டின் வாட்ஸ்வொர்த் உடன்படிக்கை எதைத் தீர்த்தது?

அமெரிக்கக் கருவூலத் துணைச் செயலர் எலியட் வாட்ஸ்வொர்த் பாரிஸில் பல வாரங்கள் பேசி, 1923 மே 25 அன்று ஓர் உடன்படிக்கையை முடித்தார். அப்போது அமெரிக்காவின் நிகர நிலுவை 25 கோடி டாலருக்குச் சற்று அதிகம். அது 12 ஆண்டுகளில் தீர்க்கப்படும். முதல் நான்கு ஆண்டுகளில் ஜெர்மனி தரும் ரொக்கத்தில் 25 சதவீதம் வரை அமெரிக்காவுக்குப் போகும் என்பது சாரம்.

‘ரொக்கத்தில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஜெர்மனி நிலக்கரியாகவும் மரமாகவும் கால்நடையாகவும் கொடுத்தவற்றில் அமெரிக்காவுக்குப் பங்கு வராது. அந்த ஆண்டு ஜனவரி 11 அன்றே பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் நிலக்கரித் தொழில் மையமான ரூர் பகுதிக்குள் நுழைந்துவிட்டன. ஜெர்மனி பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டு, மார்க்கை அச்சடித்து, அந்த நுழைவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருந்தது. ரொக்கமே வராதபோது ரொக்கத்தில் கால் பங்கு எங்கிருந்து வரும்? நாணய மாற்று விகிதத்தைப் பற்றிய தகராறு தீர்வதற்கு முன், நாணயம் ஒன்று இருந்தாக வேண்டும்.

1924ஆம் ஆண்டின் டாவ்ஸ் திட்டம் என்ன மாற்றம் செய்தது?

ஜெர்மனி பணம் செலுத்தும் முறையை மாற்றி அமைத்த திட்டம் இது. என் பார்வையில் இந்தக் கதையின் மிகக் கூர்மையான சிந்தனை இங்கேதான் இருக்கிறது. ஜெர்மனியின் புதிய நாணயமான ரைஷ்மார்க் பழைய பொன் மார்க்கின் எடைக்கே பிணைக்கப்பட்டது. ஆக்கிரமிப்புச் செலவு, இழப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒரே தொகை என்று வைக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜெர்மனி அந்தத் தொகையைத் தன் நாணயத்தில், பெர்லினிலுள்ள ரைஷ்பாங்கில் (ஜெர்மன் மத்திய வங்கி), இழப்பீட்டுக் கொடுப்பனவுகளுக்கான தலைமை முகவரின் கணக்கில் செலுத்திவிட்டால் அதன் கடமை முடிந்தது. அந்த மார்க்கைப் பவுண்டாகவும் பிராங்காகவும் டாலராகவும் மாற்றி எல்லை கடத்துவது ஒரு தனிக் குழுவின் பொறுப்பு. மாற்றினால் மார்க்கின் மதிப்பு குலையும் என்று தோன்றினால் அந்தக் குழு நிறுத்தி வைக்கலாம். தலைமை முகவராக இருந்த பார்க்கர் கில்பர்ட் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 32.

அதுவரை ‘எவ்வளவு கொடுக்க முடியும்’ என்பதும் ‘எவ்வளவை வேற்று நாணயமாக மாற்ற முடியும்’ என்பதும் ஒரே கேள்வியாகக் குழப்பப்பட்டிருந்தன. வரி வசூலித்து மார்க் சேர்ப்பது ஓர் அரசால் முடியும். டாலர் வேண்டுமென்றால் யாராவது ஜெர்மன் பொருளை டாலர் கொடுத்து வாங்க வேண்டும். இரண்டையும் பிரித்ததுதான் டாவ்ஸ் குழுவின் பெரிய சாதனை.

இந்த ஏற்பாட்டின் கீழ், 1925 ஜனவரி 14 அன்று பாரிஸில் கையெழுத்தான நிதி அமைச்சர்கள் உடன்படிக்கைப்படி அமெரிக்கப் படைச் செலவுக்கு 1926 செப்டம்பர் 1 முதல் ஆண்டுக்கு 5.5 கோடி பொன் மார்க் ஒதுக்கப்பட்டது. டாலரில் அது 1.3 கோடிக்குச் சற்று மேல்.

1930ஆம் ஆண்டின் அமெரிக்க-ஜெர்மன் உடன்படிக்கையில் மாற்று விகிதம் எப்படி எழுதப்பட்டது?

டாவ்ஸ் திட்டத்துக்குப் பதிலாக யங் திட்டம் வந்தபோது மற்ற நாடுகளின் கொடுப்பனவுகள் பாசலில் அமைந்த சர்வதேசத் தீர்வு வங்கிக்கு மாறின. அமெரிக்கா அதில் அரசளவில் சேர விரும்பாமல், 1930 ஜூன் 23 அன்று ஜெர்மனியோடு நேரடி உடன்படிக்கை செய்துகொண்டது. தன் படைச் செலவுக் கோரிக்கையில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, மீதத்தை ஆண்டுக்குச் சராசரி 2.53 கோடி ரைஷ்மார்க் என்ற வீதத்தில் 1966 வரை 37 ஆண்டுகளில் பெற ஒப்புக்கொண்டது.

மாற்று விகிதப் பிரிவு கவனமாக எழுதப்பட்டது. கடன் ரைஷ்மார்க்கில், செலுத்துவது நியூயார்க் மத்திய வங்கியில் டாலரில். விகிதம் என்பது பெர்லின் பங்குச் சந்தையில், செலுத்தும் தேதிக்கு முந்தைய அரைமாத காலத்தில் நிலவிய நடுவிகிதங்களின் சராசரி. மேலும், 1924 ஆகஸ்ட் 30 நாணயச் சட்டப்படி ரைஷ்மார்க்கின் மதிப்பு ஒரு கிலோ சுத்தத் தங்கத்தில் 2,790இல் ஒரு பங்காகவே நீடிக்கும் என்று ஜெர்மனி உறுதியளித்தது. எந்தச் சந்தை, எந்த நாள்கள், வாங்கும் விலையா விற்கும் விலையா என்ற மூன்று ஓட்டைகளும் அடைக்கப்பட்டன. 1919இல் ‘நடப்பு விகிதம்’ என்று இரண்டு சொல்லில் கடந்துபோன இடத்தை, பதினோரு ஆண்டு அனுபவம் இவ்வளவு நீளமாக்கியது.

அப்படியானால் அதன்பின் தகராறே எழவில்லையா?

யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து சிக்கல் வந்தது. பிரிவை எழுதியவர்கள் மார்க்கின் சரிவுக்கு அஞ்சினார்கள், மாறியதோ டாலர். 1933 ஜூன் 5 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்பந்தங்களிலுள்ள தங்கப் பிரிவுகளை, அதாவது கடனைத் தங்க மதிப்பில் தர வேண்டும் என்ற பிரிவுகளை, செல்லாதவையாக்கியது. 1934 ஜனவரி இறுதியில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தப்பட்டது. இதனால் ஒரு ரைஷ்மார்க்கின் தங்க இணைமதிப்பு 23.82 சென்டிலிருந்து 40.33 சென்டாக ஏறியது. ஜெர்மனி அமெரிக்காவுக்குத் தர வேண்டிய கடன் ரைஷ்மார்க்கில் ஒரு காசும் கூடவில்லை. டாலர் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கூடிவிட்டது.

ஆசியாவில் இதுபோன்ற தகராறு நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அதில் நம் மக்களின் உயிரும் கலந்திருக்கிறது. 1941 டிசம்பரில் தாய்லாந்துக்குள் நுழைந்த ஜப்பானியப் படை, பெயரளவில் நட்பு நாட்டுப் படையாகவே அங்கே தங்கியது. மலாயாவில் செய்ததுபோல் ஜப்பான் தன் இராணுவ நோட்டுகளைப் புழக்கத்தில் விடாதிருக்க, தாய்லாந்து அரசு தன் பாட் நாணயத்தைக் கடனாகக் கொடுத்தது. ஈடாக டோக்கியோவில் ‘சிறப்பு யென்’ என்ற கணக்கில் வரவு வைக்கப்பட்டது. கணக்குத் தொடங்கியபோதே விகிதம் மாற்றப்பட்டது. போருக்கு முன் 100 பாட்டுக்கு ஏறத்தாழ 156 யென். 1942 ஏப்ரலில் ஒரு பாட்டுக்கு ஒரு யென் என்று ஆக்கப்பட்டது. அதே பாட்டுக்கு ஜப்பான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவான யென்னையே எழுதிக்கொண்டது.

அந்தப் படை அங்கே செய்த பெரும் வேலைகளில் ஒன்று தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களும் அங்கே உழைத்தார்கள்; காலராவிலும் பட்டினியிலும் இறந்த அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறைகூட இல்லை. அரசுகள் பிறகு பேசிய கணக்குகளில் படை செலவழித்த பாட் இருந்தது. அந்த உயிர்களுக்கென்று ஒரு வரி இல்லை.

போர் முடிவில் சிறப்பு யென் இருப்பு சுமார் 150 கோடி யென். போருக்கு முந்தைய டாலர் விகிதத்தில் அது 35 கோடி டாலர் அளவு. 1949 ஏப்ரலில் டாலருக்கு 360 யென் என்று நிர்ணயித்த பிறகு அதே எண்ணிக்கையை அப்படியே மாற்றினால் 42 லட்சம் டாலர்தான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் எங்கே நிற்பது என்பதே பேச்சுவார்த்தை. 1955 ஜூலையில் பாங்காக்கில் எட்டிய உடன்பாட்டில் ஜப்பான் 540 கோடி யென்னைப் பவுண்டாக ஐந்து தவணைகளில் தரவும், 960 கோடி யென்னை முதலீடாகவும் கடனாகவும் வழங்கவும் இசைந்தது. மொத்தம் 1,500 கோடி யென், அதாவது ஏறத்தாழ 4.2 கோடி டாலர். ஆனால் அந்த 960 கோடியைத் தாய்லாந்து திருப்பித் தர வேண்டுமா என்று அடுத்த தகராறு கிளம்பியது. எங்களுக்கு வர வேண்டிய கடனை எங்களுக்கே கடனாகத் தருவதா என்று தாய்லாந்து கேட்டது. அந்தக் கேள்விக்கு நேர்மையான மறுமொழி கிடையாது. ஜப்பானியப் பிரதமர் இக்கேடா 1961 நவம்பரில் பாங்காக் சென்ற பிறகு, 1962 ஜனவரி 31 அன்று அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்காமல் எட்டு ஆண்டுகளில் தருவதாக முடிவானது. தாய்லாந்து அதைக் கொண்டு ஜப்பானியப் பொருள்களையும் சேவைகளையும் வாங்கும் என்பது ஏற்பாடு.

பழைய ஆவணங்களில் ஒரு தொகையைப் பார்த்தால் எப்படிப் படிக்க வேண்டும்?

வெறும் ‘மார்க்’ என்று இருந்தால் தேதியைப் பாருங்கள். 1914 நடுப்பகுதிக்கு முன் என்றால் அது பொன். 1914 ஆகஸ்ட் முதல் 1923 வரை என்றால், ‘பொன்’ என்ற அடைமொழி இல்லாதவரை காகிதம். 1924 இலையுதிர் காலத்துக்குப் பின் என்றால் ரைஷ்மார்க், அது 1931 வரை பொன் மார்க்குக்குச் சமம் என்றே கொள்ளலாம். அதன்பிறகு அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வந்துவிட்டதால், அதிகாரபூர்வ விகிதமும் உண்மை மதிப்பும் வேறு வேறு. ஜெர்மனியின் மொத்த இழப்பீட்டைக் குறித்த 1921 மே மாத லண்டன் அட்டவணையின் 13,200 கோடி என்ற புகழ்பெற்ற எண் பொன் மார்க்கில் சொல்லப்பட்டது; அதைக் காகித மார்க்கோடு சேர்த்துக் கூட்டும் கட்டுரைகளைத் தமிழிலும் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கப் படைச் செலவு கடைசியில் முழுமையாகத் தீர்ந்ததா?

தீரவில்லை. அமெரிக்கக் கணக்கில் மொத்தச் செலவு சுமார் 29 கோடி டாலர். 1931இல் குடியரசுத் தலைவர் ஹூவர் அறிவித்த ஓராண்டு ஒத்திவைப்பில் தவணைகள் நின்றன. 1933க்குப் பிறகு ஜெர்மனி டாலர் இல்லை என்று கைவிரித்தது. 1966 வரை ஆண்டுதோறும் செல்ல வேண்டிய தவணைகள் காகிதத்தில் தேங்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1953 பிப்ரவரி 27 அன்று லண்டனில் ஜெர்மனியின் வெளிநாட்டுக் கடன்கள் பற்றிய உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் 5ஆவது பிரிவு, முதல் உலகப் போரிலிருந்து எழுந்த, அந்த உடன்படிக்கையில் வேறு இடத்தில் தீர்க்கப்படாத அரசுகளின் கோரிக்கைகளை ஓர் இறுதிப் பொதுத் தீர்வு வரும்வரை ஒத்திவைத்தது. கோப்லென்ஸ் படையின் செலவும் அந்த ஒத்திவைப்புக்குள்தான் அடங்கியது.